பாதி டாங்க் பெட்ரோலில் உலகப் பட்டம்! கியாலமி கார் பந்தயத்தில் 28-வது சுற்றில் போட்ட கணக்கு

வெளியூருக்கு லாரி புறப்படுகிறது. டிரைவர் முதலில் என்ன செய்வார்? டாங்கை நிரப்பிக்கொள்வார். நடுவழியில் நின்றுவிட்டால் யார் வந்து தள்ளுவது?

ஆனால், உலகப் பட்டமே அந்த ஒரே ஒரு பந்தயத்தில் முடிவாகப் போகிறது என்ற நாளில், ஒரு கோஷ்டி வேண்டுமென்றே டாங்கை அரைகுறையாக வைத்துக்கொண்டு புறப்பட்டது. நடுவில் நிற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே புறப்பட்டது. பட்டத்தையும் தட்டிக்கொண்டு போனது!

1983-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, சனிக்கிழமை. இடம், தென் ஆப்பிரிக்காவில் ஜோகனஸ்பர்க் நகருக்குப் பக்கத்தில் உள்ள கியாலமி மைதானம். 'பார்முலா ஒன்' கார் பந்தயத்தில் அந்த ஆண்டின் கடைசிப் போட்டி.

அன்று டிரைவர்கள் ஓட்டியது பாதி. பெட்ரோல் கணக்குப் போட்டவர்கள் ஓட்டியது மீதி. அந்தக் கதைதான் இது.

2 மார்க் வித்தியாசம்

களத்தில் மூன்று பேர்.

முதலாமவர் பிரான்ஸ் நாட்டு அலன் புரோஸ்ட். ரெனோ கம்பெனியின் கார். கையில் 57 மார்க்.

இரண்டாமவர் பிரேசில் நாட்டு நெல்சன் பிக்கே. இங்கிலாந்தின் பிரபாம் கோஷ்டி. அவர் காரில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ என்ஜின். கையில் 55 மார்க்.

மூன்றாமவர் ரெனே ஆர்னூ. இவரும் பிரான்ஸ்காரர்தான். பெராரி கார். 49 மார்க்.

அந்தக் காலத்தில் முதலில் வருகிறவருக்கு 9 மார்க். அடுத்து வருகிறவர்களுக்கு 6, 4, 3, 2, 1. ஏழாவது வந்தால் ஒன்றும் கிடையாது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டு மாதம் முன்பு வரை புரோஸ்ட்டுக்குக் கவலையே இல்லை. ஆகஸ்டில் ஆஸ்திரியா பந்தயம் முடிந்தபோது அவர் பிக்கேயைவிட 14 மார்க் முன்னால் இருந்தார். 'பட்டம் கையில் வந்த மாதிரிதான்' என்று பிரான்ஸ் முழுவதும் பேச்சு.

அப்புறம்தான் சனி பிடித்தது!

ஆகஸ்ட் 28-ந் தேதி ஹாலந்தில் சாண்ட்வோர்ட் பந்தயம். முன்னால் போன பிக்கேயை முந்தப் போய் புரோஸ்ட் இடித்துவிட்டார். இரண்டு பேருமே அவுட்! ஜெயித்தது ஆர்னூ. செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில் புரோஸ்ட்டின் டர்போ பழுது. பிக்கே முதலிடம். அடுத்து இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானம். அங்கேயும் பிக்கே முதலிடம், புரோஸ்ட் இரண்டாவது.

14 மார்க் வித்தியாசம் 2 மார்க்காகச் சுருங்கிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். கியாலமியில் பிக்கே ஜெயித்தால் 64. புரோஸ்ட் இரண்டாவது வந்தாலும் 63-தான். ஆக, பிக்கே முதலிடம் பிடித்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, பட்டம் அவருக்கு.

பிக்கே இரண்டாவது வந்து புரோஸ்ட் மூன்றாவது வந்தால்? இருவருக்கும் 61. அப்போது அந்த ஆண்டில் யார் அதிகப் பந்தயம் ஜெயித்தார் என்று பார்ப்பார்கள். புரோஸ்ட்டுக்கு 4 வெற்றி. பிக்கேக்கு 3. பட்டம் புரோஸ்ட்டுக்கு!

வெற்றி நிச்சயம் என்ற நம்பிக்கையில் ரெனோ கம்பெனி பிரான்சிலிருந்து பத்திரிகைக்காரர்களை விமானத்தில் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. டர்போ என்ஜினை 1977-ல் முதன்முதலாகப் பார்முலா ஒன் பந்தயத்துக்குக் கொண்டுவந்ததே ரெனோதான். விதை போட்டவனுக்கே பழம் கிடைக்கும் என்று நினைத்திருந்தார்கள்.

டர்பன் ஊர்க்காரர்

எதிர்த் தரப்பில் இருந்தவர் கார்டன் மர்ரே. பிரபாம் காரை வடிவமைத்தவர். தலைமுடியை நீளமாக வளர்த்துக்கொண்டு, பார்ப்பதற்குப் பாட்டுக் கச்சேரிக்காரர் மாதிரி இருப்பார். சொந்த ஊர் தென் ஆப்பிரிக்காவின் டர்பன். 1969-ல் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனவர். பட்டம் முடிவாகும் நாளில், பிறந்த நாட்டுக்கே காரோடு வந்திருந்தார்.

கோஷ்டியின் முதலாளி பெர்னி எக்கிள்ஸ்டன். லேசுப்பட்ட ஆள் இல்லை. பிற்காலத்தில் பார்முலா ஒன் வியாபாரம் முழுவதையும் தன் கைக்குள் வைத்திருந்தவர்.

'காரை நடுவில் நிறுத்தி பெட்ரோல் போடலாம்' என்ற யோசனையை அந்தக் காலத்தில் மீண்டும் கிளப்பியவர் மர்ரேதான். அதற்கு முன் பல ஆண்டுகளாக எல்லாரும் டாங்க் நிறையப் பெட்ரோலோடு புறப்பட்டு, நிற்காமல் ஓடி, கடைசியில்தான் இறங்குவார்கள். டயர் வெடித்தாலோ மழை வந்தாலோதான் நிற்பது. நின்றால் தோல்வி என்று பொருள்.

மர்ரே பேப்பரும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தார்.

மூட்டைக் கணக்கு

பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் ஏறக்குறைய முக்கால் கிலோ. பேச்சுக்கு ஒரு பந்தயத்துக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 150 கிலோ ஆகிறது. 75 கிலோ அரிசி மூட்டை இரண்டைக் காரில் ஏற்றிக்கொண்டு பந்தயம் ஓடுவது மாதிரி!

பெட்ரோல் இல்லாமல் காரின் எடை 540 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது அந்த ஆண்டு விதி. அவ்வளவு லேசான காரில் 150 கிலோ சுமை என்றால் சும்மாவா? வளைவில் திரும்பும்போது இழுக்கும். பிரேக் பிடித்தால் நிற்காது. டயர் தேயும்.

பாதி பெட்ரோலோடு புறப்பட்டால்? ஒரு மூட்டை குறைகிறது. சுற்றுக்கு ஒன்றரை விநாடி மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கியாலமியில் 77 சுற்று. பாதி, அதாவது 38 சுற்றில் 57 விநாடி லாபம்.

நடுவில் நிற்பதற்கு என்ன செலவு? வேகத்தைக் குறைத்து உள்ளே வர வேண்டும், நிற்க வேண்டும், மறுபடி வேகம் எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து அரை நிமிடத்துக்குள் முடித்தால், மிச்சமெல்லாம் லாபம்! போதாததற்குப் புது டயரும் கிடைக்கிறது.

கடைக்காரர்களுக்கு இது உடனே புரியும். முழுச் சரக்கையும் ஒரே நடையில் தலையில் தூக்கிக்கொண்டு போகிறவனைவிட, இரண்டு நடையாகத் தூக்குகிறவன் சீக்கிரம் முடிப்பதில்லையா?

பத்து விநாடிக்குள் பத்து வேலை

கணக்கு சரி. செய்ய வேண்டுமே!

பந்தயப் பாதைக்கு ஓரமாக, கார்களைக் கவனிக்கும் இடத்துக்கு 'பிட்' என்று பெயர். அங்கே கார் வந்து நின்றதும், காற்றின் பலத்தில் காரே தன்னைத் தூக்கிக்கொள்ளும் ஜாக்கியைக் காருக்குள்ளேயே வைத்தார் மர்ரே. நாலு சக்கரத்துக்கும் ஆள். சக்கரத்துக்கு ஒரே ஒரு மறை. அதைக் காற்றில் ஓடும் துப்பாக்கி மாதிரிக் கருவியால் கழற்றி மாட்ட வேண்டும்.

பெட்ரோல் ஊற்ற, அழுத்தம் கொடுத்துத் தள்ளும் பீப்பாய். ஒரு குழாயில் பெட்ரோல் உள்ளே பாயும். இன்னொரு குழாயில் டாங்கிலிருந்து காற்று வெளியேறும். நம் பெட்ரோல் பங்க்கில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அந்த வேலை அங்கே சில விநாடிகளில் முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கல் டயர். புது டயர் ஜில்லென்று இருந்தால் சாலையைப் பிடிக்காது. ஒன்றிரண்டு சுற்று வழுக்கிக்கொண்டே ஓட வேண்டும். அதில் லாபமெல்லாம் போய்விடும். அதற்கும் மர்ரே வழி கண்டுபிடித்தார். டயரை அடுப்பு மாதிரி ஒரு பெட்டிக்குள் வைத்துச் சூடாக்கித் தயாராக வைத்தார். ரொட்டிக் கடை அடுப்பு மாதிரி!

1982 ஜூலையில் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத்துக்கு இந்தச் சாமான்களோடு பிரபாம் கோஷ்டி வந்து இறங்கியது. கார்கள் நிற்கும் கட்டம் வருமுன்பே பந்தயத்தைவிட்டு விலகிவிட்டன. அடுத்த மாதம் ஆஸ்திரியாவில்தான் நிஜமாகவே நிறுத்தி, பெட்ரோல் போட்டு, டயர் மாற்றி அனுப்பினார்கள். இரண்டு காருமே பந்தயத்தை முடிக்கவில்லை. ஆனால் திட்டம் வேலை செய்யும் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது.

1983-க்கு மர்ரே புதுக் கார் செய்தார். பி.டி. 52 என்று பெயர். பாதி வழியில் பெட்ரோல் போடுவது என்று முதலிலேயே முடிவு செய்து, சின்ன டாங்க் வைத்துக் கட்டிய கார். அம்பு மாதிரி இருக்கும். கார்களின் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும் என்று திடீரென்று விதி மாறியதால், ஏறக்குறைய மூன்றே மாதத்தில் அதை உருவாக்கினார்கள்.

ஒருவன் செய்தால் பத்துப் பேர் செய்வார்கள் அல்லவா? சீக்கிரமே மற்ற கோஷ்டிகளும் நடுவில் நிறுத்த ஆரம்பித்துவிட்டன.

ஆபத்து இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் பிரேசில் பந்தயத்தில், முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன் கேகே ரோஸ்பெர்க் பெட்ரோல் போட நின்றபோது குபீர் என்று தீப்பிடித்தது. அவர் காரிலிருந்து வெளியே குதித்தார். தீயை அணைத்த பிறகு, மறுபடி ஏறி உட்கார்ந்து ஓட்டினார்! இரண்டாவதாக வந்தார். காரைத் தள்ளிக் கிளப்பினார்கள் என்பதற்காக அந்த இடம் பறிக்கப்பட்டது வேறு கதை.

எல்லாரும் நின்றால் என்ன லாபம்?

கியாலமிக்கு வந்தபோது இதுதான் பிரபாம் கோஷ்டியின் தலைவலி. எல்லாரும் பாதியில் நிற்கப் போகிறார்கள். இவர்களும் பாதியில் நின்றால் என்ன வித்தியாசம்?

போட்டார்கள் ஒரு திட்டம். பாதிக்கும் குறைவாகப் போடுவோம்! 77 சுற்றில் 28-வது சுற்றிலேயே உள்ளே வருவோம்!

இது லாபமா, நஷ்டமா? உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

அதே 200 லிட்டர் கணக்குப்படி சுற்றுக்குச் சுமார் 2.6 லிட்டர். 38-வது சுற்றில் நிற்கப் போகிறவனைவிட, 28-ல் நிற்கிறவன் 10 சுற்றுப் பெட்ரோல் குறைவாகக் கொண்டுபோகிறான். 20 கிலோ லேசு. சுற்றுக்கு 0.4 விநாடி. 28 சுற்றில் 11 விநாடி முன்னால் போய்விடுவான்.

ஆனால் அதற்குப் பிறகு? இவன் மிச்சம் 49 சுற்றுக்கும், அதாவது 200 கிலோமீட்டர் தூரத்துக்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டு கனமாக வெளியே வருகிறான். அவனோ டாங்க் காலியாகும் தறுவாயில் பறக்கிறான். அந்த 10 சுற்றில் அவன் 15 விநாடி மீட்டுவிடுவான்.

வெறும் பேப்பர் கணக்கில் நஷ்டம்தான்!

பின்னே எதற்கு இந்த விஷப்பரீட்சை?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. முன்னால் ஓடுகிறவனுக்குப் பாதை காலி. மற்றவன் கிளப்பும் புழுதி இல்லை, இடைஞ்சல் இல்லை. இடிபடும் பயம் இல்லை. சாண்ட்வோர்ட்டில் பட்ட அடி நினைவில் இருக்குமே!

சீக்கிரம் நின்றால் இன்னொரு வசதி. மறை சிக்கிக்கொண்டு நேரம் போனாலும், மிச்சம் இருக்கும் 49 சுற்றில் ஈடுகட்டப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, துரத்துகிறவனுக்கு விஷயம் தெரியாது. 'இவன் இவ்வளவு வேகமாகப் போகிறானே' என்று பதறுவான். விடக்கூடாது என்று என்ஜினை விரட்டுவான். டர்போ என்ஜின் விரட்டினால் தாங்குமா?

அதிலும் கியாலமி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். நம் ஏற்காடு இருக்கிற உயரம். காற்று மெலிந்திருக்கும். டர்போ என்பது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் விசிறி. காற்று குறைந்த இடத்தில் அதே சக்தி வேண்டும் என்றால் விசிறி இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சூடும் ஏறும்.

அப்படிப்பட்ட இடத்தில் எதிரியை ஓட ஓட விரட்டுவது என்று முடிவு செய்தார்கள்.

பச்சை விளக்கு!

பெராரியின் பட்ரிக் டாம்பே முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். பிக்கே இரண்டாவது. அவருடைய கோஷ்டித் தோழர் இத்தாலியின் ரிக்கார்டோ பட்ரேசி மூன்றாவது. ஆர்னூ நாலாவது. புரோஸ்ட் ஐந்தாவது.

விளக்கு எரிந்ததுதான் தாமதம். பிக்கே சிட்டாய்ப் பறந்து முதலிடத்தைப் பிடித்தார். பின்னாலேயே பட்ரேசி. ஒருவர் ஓட, ஒருவர் காவல்!

பிக்கேயின் இடைவெளி சுற்றுக்குச் சுற்று கூடியது. ஒன்பதாவது சுற்றில் ஆர்னூவின் என்ஜின் போனது. மூன்று பேர் போட்டி இரண்டு பேர் போட்டியானது.

28-வது சுற்று. பிக்கே பிட்டுக்குள் திரும்பினார். பார்த்தவர்களுக்குத் திகைப்பு. இவ்வளவு சீக்கிரமா?

மெக்கானிக்குகள் பாய்ந்தார்கள். கார் எழும்பியது. நாலு சக்கரம் கழன்றது, நாலு சக்கரம் ஏறியது. குழாய் மாட்டி, குழாய் எடுத்து, கார் கீழே இறங்கி... போயே போய்விட்டது!

முதலிடத்தை விடாமலே பிக்கே பாதைக்குத் திரும்பினார். முதல் 28 சுற்றில் சேமித்த விநாடிகள் அவ்வளவு!

35-வது சுற்று. மஞ்சளும் வெள்ளையுமான ரெனோ கார் பிட்டுக்குள் வந்தது. பெட்ரோலுக்காகவா? இல்லை. டர்போ பழுது. புரோஸ்ட் காரைவிட்டு இறங்கினார். ஆண்டு முழுவதும் பட்ட பாடு அங்கேயே முடிந்தது. விமானத்தில் வந்த பத்திரிகைக்காரர்கள் எழுத வேண்டிய கதையே மாறிவிட்டது.

நாலாவது வந்தால் போதும்!

இப்போது பிக்கேக்கு வேண்டியது என்ன? நாலாவது இடம். அதில் 3 மார்க். 55-ம் 3-ம் 58. புரோஸ்ட் 57-ல் நிற்கிறார். ஐந்தாவது வந்தால் மட்டும் 57-க்கு 57 ஆகி, வெற்றிக் கணக்கில் பட்டம் போய்விடும்.

வேறு யாராக இருந்தாலும் ஜெயிக்க ஆசை வந்திருக்கும். பிக்கே விவரமானவர். டர்போவின் அழுத்தத்தைக் குறைத்தார். என்ஜினைத் தடவிக்கொடுத்து ஓட்டினார். 59 சுற்று முன்னால் ஓடியவர், 60-வது சுற்றில் பட்ரேசிக்கு வழிவிட்டார். பிறகு நிக்கி லாடாவும் முன்னே போனார். 71-வது சுற்றில் லாடாவின் காரில் மின்சாரக் கோளாறு, அவரும் அவுட். ஆண்ட்ரியா டி சிசாரிஸ் இரண்டாவது இடத்துக்கு வந்தார். பிக்கே அசையவில்லை. மூன்றாவதாக வந்து சேர்ந்தார்.

பட்ரேசிக்குப் பந்தயம். பிக்கேக்கு உலகப் பட்டம். 59-க்கு 57. அதே 2 மார்க் வித்தியாசம், திசைதான் மாறிவிட்டது!

டர்போ என்ஜினில் உலகப் பட்டம் வென்ற முதல் மனிதர் பிக்கே. டர்போவைக் கொண்டுவந்த ரெனோ வெறுங்கையோடு திரும்பியது. பி.எம்.டபிள்யூ என்ஜினுக்கு ஊற்றிய பெட்ரோல் விதிக்கு உட்பட்டதுதானா என்று பிறகு பேச்சுக் கிளம்பியது. ரெனோ புகார் கொடுக்கவில்லை. முடிவும் மாறவில்லை.

சில நாட்களிலேயே புரோஸ்ட்டும் ரெனோவும் பிரிந்தார்கள். புரோஸ்ட் மெக்லாரன் கோஷ்டிக்குப் போனார். 1984-ல் லாடாவிடம் அரை மார்க்கில் பட்டத்தை இழந்தார்! பிறகு 1985, 1986, 1989, 1993 என்று நாலு முறை சாம்பியன் ஆனார். பிக்கேக்கு 1981, 1983, 1987 என்று மூன்று பட்டம்.

அப்போது தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி. இரண்டே ஆண்டில், 1985-ல், ரெனோ கோஷ்டி கியாலமிக்கு வரவே மறுத்துவிட்டது.

மர்ரேயின் பெட்ரோல் பீப்பாய் என்ன ஆனது? 1984-ல் பந்தயத்தின் நடுவே பெட்ரோல் போடத் தடை விதித்தார்கள். 1994-ல் மறுபடி அனுமதித்தார்கள். அந்த ஆண்டே ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் மைதானத்தில் பிட்டில் நின்ற ஒரு கார் தீப்பந்தாக எரிந்ததை உலகமே டி.வி.யில் பார்த்தது. 2009-ம் ஆண்டோடு அந்த வழக்கத்துக்கு மறுபடி முற்றுப்புள்ளி வைத்தார்கள். இப்போது டயர் மட்டும்தான். 2023-ல் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் ஆட்கள் நாலு சக்கரத்தையும் 1.80 விநாடியில் மாற்றினார்கள். கண்ணை இரண்டு தடவை இமைத்தால் கார் போய்விடும்.

ஆனால் கியாலமியில் அன்று அந்த மெக்கானிக்குகளின் கை ஒரு மறையில் தடுமாறியிருந்தால், பிக்கே முதலிடத்தோடு வெளியே வந்திருக்க முடியாது. உலகச் சாம்பியன் என்று பேர் ஒருவருக்குத்தான். குழாய் பிடித்தவர் பேர் எந்தக் கோப்பையிலும் இல்லை.